3டி படம் சொதப்புதா? முதல்ல ஒத்தக் கண்ண மூடுங்க

குன்னூர்ல எங்க வீட்டு மாடியில பழைய சாமான் போடற ரூம் ஒண்ணு இருந்துச்சு, அத காலி பண்ணி ஜன்னலுக்கு கருப்புத் துணி அடிச்சு கொஞ்ச வருஷமா 3டி போட்டோ காட்டிட்டு இருக்கேன், சொந்தக்காரங்க பக்கத்து வீட்டுப் பசங்க சீசனுக்கு வந்து தங்கறவங்கன்னு யாராவது வந்துட்டேதான் இருப்பாங்க. கையில இருக்கறது எல்லாமே செகண்ட் ஹேண்ட். 120 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 120 படம் ஓடற ஒரு டிஎல்பி (சின்னச் சின்ன கண்ணாடிச் சில்லால படம் காட்டற வகை) ப்ரொஜெக்டர், அதுக்கு அஞ்சு ஷட்டர் கண்ணாடி (ஒரு கண்ணு மாத்தி ஒரு கண்ணா மூடித் தொறக்கறது), போலரைஸ்டு கண்ணாடி (வெளிச்சம் அதிர்ற விதத்த வச்சு ரெண்டு கண்ணுக்கும் படத்த பிரிக்கறது) போட்டு பாக்கற ஒரு 42 இன்ச் டிவி, அப்புறம் சிவப்பு-சயான் (நீலப்பச்சை) அட்டைக் கண்ணாடி ஒரு கட்டு. 2017 வாக்குல பெரிய கம்பெனிங்க எல்லாமே 3டி டிவி போடறத நிறுத்திட்டாங்க, அதனால ஏதாவது ரிப்பேர்னா கேக்கவும் ஆள் கிடையாது, நாமளேதான் பாத்துக்கணும். மலைமேல இருக்கறவங்களுக்குன்னே சில தனித் தொல்லை வேற இருக்கு, கீழ கோயமுத்தூர்ல இருக்கறவன்கிட்ட சொன்னா சிரிப்பான்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல ஒரு டெஸ்ட் கார்டு செஞ்சு வச்சுக்கோங்க. கருப்பு பேக்ரவுண்ட்ல பெரிய வெள்ளை எழுத்து, இடது கண்ணு படத்துல "இ", வலது கண்ணு படத்துல "வ", ரெண்டும் வேற வேற இடத்துல. ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரெண்டையும் ஜோடி சேத்தா போதும். இப்ப கண்ணாடி போட்டுட்டு வலது கண்ண மூடுங்க. "இ" மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் ஓகே. "இ" கூட மங்கலா ஒரு "வ" தெரிஞ்சா அது கோஸ்ட். "வ" மட்டும் தெரிஞ்சா இடது வலது மாறிப்போச்சு. ரெண்டும் ஒரே அளவுக்கு தெரிஞ்சா 3டியே ஓடல. ஒண்ணுமே தெரியலன்னா கண்ணாடியில அந்தப் பக்கம் செத்துப்போச்சு. அடுத்து இடது கண்ண மூடி இதையே திரும்ப பண்ணுங்க. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுட்டு "என்னமோ சரியில்ல"ன்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல, ஏன்னா மூளை ரெண்டையும் கலந்து குழப்பிடும். நான் மூணு மாசம் அப்படித்தான் முட்டிக்கிட்டேன்.

ரெண்டு ரெண்டா தெரியுது, ஓரத்துல நிழல் அடிக்குது

அதிகமா வர்ற கம்ப்ளெயின்ட் இதுதான், காரணமும் நெறைய. எந்த மாதிரி செட்டப்னு பாத்து பிரிச்சுக்கணும்.

ஷட்டர் கண்ணாடின்னா, டிசம்பர் ஜனவரி மாசம் காலையில முதல் பத்து நிமிஷம் கோஸ்ட் அடிச்சுட்டு அப்புறம் தானா சரியாகுதான்னு கவனிங்க. ஆகுதுன்னா கண்ணாடி ரிப்பேர் இல்ல, குளிர்தான். ஷட்டர் கண்ணாடி லென்ஸ்ல இருக்கறது லிக்விட் கிரிஸ்டல், குளிர்ல அது கெட்டியாகி மெதுவாயிடும், நெய் உறையற மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு செகண்டுல ஒவ்வொரு கண்ணும் 60 தடவ மூடித் தொறக்கணும், மூடறதுக்கு ஒரு துளி லேட்டானாலும் அடுத்த கண்ணுக்குப் போக வேண்டிய படம் இதுல கசிஞ்சுடும். வீட்டுக்குள்ள எட்டு டிகிரி பத்து டிகிரி இருக்கற காலையில இது நல்லாவே தெரியும். ஷோவுக்கு அரை மணி நேரம் முன்னாடி கண்ணாடிய ஸ்வெட்டர் பாக்கெட்ல போட்டு வச்சுக்கோங்க, அவ்ளோதான் வைத்தியம். கனப்புச் சட்டி பக்கத்துல வைக்காதீங்க, என் கண்ணாடி ஒண்ணு பிரேம் வளைஞ்சு போனது அப்படித்தான்.

போலரைஸ்டு டிவின்னா உக்கார்ற உயரம் பாருங்க. அந்த டிவியில ஒரு வரி இடது கண்ணுக்கு அடுத்த வரி வலது கண்ணுக்குன்னு மாத்தி மாத்தி ஃபிலிம் ஒட்டியிருப்பாங்க, நேரா பாத்தாதான் வரியும் ஃபிலிமும் ஒத்துப்போகும். மேலயிருந்தோ கீழயிருந்தோ பாத்தா பக்கத்து வரி கலந்துடும். எங்க வீட்டுல நாற்காலியில உக்காந்த பெரியவங்களுக்கு சூப்பரா தெரியும், தரையில பாய் போட்டு உக்காந்த வாண்டுங்க எல்லாம் "மாமா ரெண்டு ரெண்டா தெரியுது"ன்னு கத்தும். டிவிய கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு வச்சேன், தரைக்காரங்களுக்கு சரியாச்சு, நாற்காலிக்காரங்களுக்குப் போச்சு, இப்ப எல்லாரும் தரைதான்.

தலைய சாய்ச்சா மட்டும் கோஸ்ட் வருதுன்னா உங்க போலரைஸ்டு கண்ணாடி லீனியர் வகையா இருக்கும், அதாவது ஒரே நேர்கோட்டுல அதிர்ற வெளிச்சத்த மட்டும் உள்ள விடறது. சர்க்குலர், அதாவது சுழல்ற வெளிச்சத்த வச்சு பிரிக்கற வகையில தலை சாய்ஞ்சாலும் பெருசா கசியாது. எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன வேல, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முகம் பாக்கற கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு கண்ண மூடுங்க. தொறந்திருக்கற கண்ணோட லென்ஸ் கருப்பா தெரிஞ்சா சர்க்குலர், மூடியிருக்கற கண்ணோட லென்ஸ் கருப்பா தெரிஞ்சா லீனியர். சர்க்குலர்ல கண்ணாடியில பட்டுத் திரும்பற வெளிச்சத்தோட சுழற்சி திசை மாறிடும், அதனால தன் லென்ஸுக்குள்ளயே திரும்ப நுழைய முடியாது. தியேட்டர்ல 3டி படம் பாத்துட்டு வந்த கண்ணாடி நெறைய பேர் வீட்ல கெடக்கும், அது சர்க்குலரா இருந்தா இந்த மாதிரி டிவிக்கு தாராளமா ஒத்து வரும், காசு போட்டு புதுசு வாங்காதீங்க.

ரெண்டு ப்ரொஜெக்டர் வச்சு போலரைஸ்டு ட்ரை பண்றவங்க வெள்ளைச் சுவத்துல அடிச்சுட்டு "ஃபுல்லா கோஸ்ட்"னு புலம்புவாங்க. சுண்ணாம்புச் சுவரு, சாதா வெள்ளை ஸ்கிரீன் எல்லாம் போலரைசேஷன கலைச்சு விட்டுடும், சில்வர் ஸ்கிரீன் இல்லாம அது நடக்காது. சில்வர் பெயின்ட் அடிச்சு நானும் ஒரு ஸ்கிரீன் செஞ்சேன், ஒரு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள ஈரம் ஏறி பூஞ்சை பூத்து தேமல் மாதிரி ஆயிடுச்சு. சுவத்துல காட்டணும்னா ஷட்டர் கண்ணாடிதான் லாபம்.

எல்லாம் சரியா இருந்தும் லேசா கோஸ்ட் இருக்குன்னா அத மறைக்கத்தான் முடியும். இருட்டு வானத்துல நிலா மாதிரி கருப்பு வெள்ளை முட்டிக்கற இடத்துலதான் கோஸ்ட் துருத்திக்கிட்டு தெரியும், கான்ட்ராஸ்ட கொஞ்சம் குறைச்சா அடங்கிடும்.

கிட்ட இருக்கறது தூரமா, தூரத்துல இருக்கறது கிட்டயா தெரியுது

மலை குழியா தெரியும், மூக்கு முகத்துக்குள்ள போயிருக்கும், சொல்லத் தெரியாம "ஏதோ ஒரு மாதிரி இருக்கு"ம்பாங்க. இடது வலது மாறிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல. ரூம்ல அஞ்சு பேருக்கும் இப்படின்னா ப்ரொஜெக்டர் மெனுவுல 3டி இன்வர்ட்னு இருக்கும் அத மாத்துங்க, இல்லன்னா ஃபைலயே இடம் வலம் மாத்தி சேவ் பண்ணுங்க. ஒருத்தருக்கு மட்டும்னா அவரோட ஷட்டர் கண்ணாடிதான் ப்ரொஜெக்டர் அனுப்பற வெளிச்சத் துடிப்ப தப்பாப் பிடிச்சுக்கிட்டு ஓடுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகும். அட்டைக் கண்ணாடின்னா சிவப்பு இடது கண்ணுக்கு, மடக்கி வச்சு எடுக்கறப்ப திருப்பி மாட்டிக்கறது சகஜம்.

ஷட்டர் கண்ணாடி விட்டு விட்டு வேலை செய்யுது, மினுக்குது

டிஎல்பி வகையில கண்ணாடிக்கு சிக்னல் குடுக்க தனியா டப்பா கிடையாது. ப்ரொஜெக்டரே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஒரு சின்ன வெளிச்சத் துடிப்ப அனுப்பும், அது ஸ்கிரீன்ல பட்டு திரும்பி வர்றத கண்ணாடியோட மூக்குப் பாலத்துல இருக்கற சென்சார் பிடிக்கணும். அதனால ஸ்கிரீன் ரொம்ப மங்கலா இருந்தா, சூரிய வெளிச்சம் உள்ள வந்தா, ரூம்ல டியூப்லைட் எரிஞ்சா குழம்பிடும். லேம்ப ஈகோ மோடுல (கரண்ட் மிச்சம் பண்ண வெளிச்சத்த குறைக்கற மோடு) இருந்து எடுங்க, லைட்ட அணைங்க, பாக்கறவங்க ஸ்கிரீனப் பாத்து உக்காருங்க. இவ்ளோ பண்ணியும் ஒரு தாத்தாவுக்கு மட்டும் ஒரு வாரமா விட்டு விட்டு தெரிஞ்சுச்சு, கண்ணாடிய மாத்திக் குடுத்தேன், இடத்த மாத்துனேன், பேட்டரி மாத்துனேன், ஒண்ணும் ஆகல. கடைசியில பாத்தா மனுஷன் குரங்குக் குல்லாவ புருவத்துக்கு கீழ வரைக்கும் இழுத்து விட்டிருக்காரு, கம்பளி நேரா சென்சார் மேல. "குல்லாவ கொஞ்சம் தூக்குங்க தாத்தா"ன்னேன், "குளுருதுப்பா, நீ வேற கண்ணாடி குடு"ன்னுட்டாரு.

பேட்டரியும் குளிருக்கு சுருங்கும். காயின் பேட்டரி போட்ட கண்ணாடி குளிர்ல அணைஞ்சா உடனே தூக்கிப் போடாதீங்க, உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சுட்டு பாருங்க.

ப்ரொஜெக்டர் இருபது நிமிஷத்துல தானா அணையுது

கோயமுத்தூர்ல வாங்கறப்ப ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துத்தான் வாங்கினேன், ஜம்முன்னு ஓடுச்சு. மேல கொண்டு வந்து போட்டா இருபது நிமிஷம், சூடு லைட் எரியும், அணைஞ்சுடும். ஊரே குளுருது இதுக்கு மட்டும் எங்க இருந்து சூடுன்னு மண்டை காஞ்சுது, பில்டர் கழுவுனேன், டஸ்ட் ஊதுனேன். விஷயம் என்னன்னா காத்து. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இந்த உயரத்துல காத்து அடர்த்தி கம்மி, ஊட்டியில காத்தழுத்தம் கடலோரத்துல இருக்கறதுல முக்கால் பங்குக்கு சித்த மேல அவ்ளோதான். குக்கர் இல்லாம சாதம் வேக லேட்டாகறது ஏன்னு நமக்கே தெரியும், தண்ணி 92 டிகிரி சுமாருலயே கொதிச்சுடுது. ஃபேன் அதே வேகத்துல சுத்துனாலும் கம்மி காத்தத்தான் தள்ளும், லேம்போட சூட்ட வெளிய எடுத்துட்டுப் போக அது பத்தாது. மெனுவுல ஹை ஆல்டிட்யூட் மோடுன்னு ஒண்ணு இருக்கும், நெறைய ப்ரொஜெக்டர்ல 1,500 மீட்டருக்கு மேல போனா அத ஆன் பண்ணச் சொல்லி மேனுவல்லயே போட்டிருப்பாங்க. ஆன் பண்ணா ஃபேன் சத்தம் மாவு மில்லு மாதிரி வரும் ஆனா அணையாது. 3டிக்கு லேம்ப் ஃபுல் பவர்ல ஓடறதால இந்தத் தொல்லை சாதா படத்த விட சீக்கிரமே காட்டிக் குடுத்துடும். படம் ஓடறப்ப கரண்ட் போனா ஃபேனும் நின்னு சூடான லேம்ப் உள்ள வெந்துடும், அதுக்கு ஒரு யூபிஎஸ் போட்டுக்கோங்க.

கலரே சரியில்ல

சிவப்பு-சயான் அட்டைக் கண்ணாடிதான் மலிவு, அதான் எல்லாரும் அதுல ஆரம்பிக்கறாங்க, ஆனா முழுக் கலர் எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க. அதுல கலரத்தான் ரெண்டு கண்ணுக்கும் பிரிச்சுக் குடுக்கறோம், அப்புறம் கலர் எங்க மிஞ்சும். சுத்தச் சிவப்பா ஒரு பொருள் இருந்தா இடது கண்ணுக்கு வெளுப்பா, வலது கண்ணுக்கு கருப்பா தெரியும், மூளைக்கு எத நம்பறதுன்னு தெரியாம அந்த இடம் மட்டும் மினுமினுன்னு அரிக்கும். தோடர் சால்வை போத்திக்கிட்டு நின்ன ஒரு பெரியவர அவரு சம்மதத்தோட எடுத்தேன், வெள்ளைத் துணியில சிவப்பும் கருப்புமா என்ன ஒரு வேலப்பாடு, அட்டைக் கண்ணாடியில போட்டுப் பாத்தா சிவப்பு நூல் எல்லாம் துணிய விட்டு எழும்பி ஆடுது. சாஃப்ட்வேர்ல ஹாஃப் கலர் இல்லன்னா டூபுவா முறைய தேர்ந்தெடுத்தா அரிப்பு அடங்கும், சிவப்பும் கூடவே செத்துடும். அந்த மாதிரி படத்த எல்லாம் ஷட்டர்லயோ போலரைஸ்டுலயோ காட்டிடுங்க, ரெண்டு கண்ணுக்கும் முழுக் கலர் போகும்.

அட்டைக் கண்ணாடிக்கு செஞ்ச படத்த வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு "கோஸ்ட் அடிக்குது"ன்னா அது உங்க தப்பு. ஜேபெக்கா சுருக்கறப்ப வெளிச்ச விவரத்த வச்சுக்கிட்டு கலர் விவரத்த பாதியா குறைச்சுடும், இங்க ரெண்டு கண்ணையும் பிரிக்கறதே அந்தக் கலர் விளிம்புதான். பிஎன்ஜியா சேவ் பண்ணி டாக்குமென்டா அனுப்புங்க. ஃபோன்ல நைட் மோடு ஆன்ல இருந்தாலும் நீலம் குறைஞ்சு வலது கண்ணு இருட்டிப்போகும்.

ஒண்ணு சொல்லட்டுமா, முழுக் கலரும் வேணும் கோஸ்ட்டே கூடாதுன்னா பழைய முறைதான் இன்னும் ராஜா. வீட்ஸ்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1838ல ஸ்டீரியோஸ்கோப் (3டி படம் பாக்கற கருவி) பத்தி எழுதறப்பவே ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு தனிப் படம்தான், முகம் பாக்கற கண்ணாடி வச்சு காட்டினாரு, 1861 வாக்குல ஹோம்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் அத கையில பிடிச்சுப் பாக்கற மாதிரி மலிவா ஆக்குனாரு. ஒரு கண்ணோட படம் அடுத்த கண்ணுக்குப் போக வழியே இல்ல, கசிய என்ன இருக்கு. ரெண்டு பிரின்ட்ட பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஒரு ஜோடி லென்ஸ் வழியா பாத்துட்டு மறுபடி ப்ரொஜெக்டருக்கு வந்தா மனசு ஒட்டாது. என்ன, ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் பாக்க முடியும்.

தலை வலிக்குது, கண்ண இழுக்குது

ரெண்டு படமும் மேல கீழ தட்டிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. பக்கவாட்டுல தள்ளி இருந்தா கண்ணு சமாளிக்கும், மேல ஒண்ணு கீழ ஒண்ணா கண்ணால பாக்க முடியாது, சின்னத் தப்புக்கே வலிக்கும். ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர்ல ஆட்டோ அலைன் போட்டா பெரும்பாலும் சரியாகும்.

டிவியில நல்லா இருந்து சுவத்துல மட்டும் வலிக்குதுன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. தூரத்து மலை ரெண்டு படத்துலயும் அகலத்துல 2 சதவீதம் தள்ளி இருக்குன்னு வைங்க. 40 இன்ச் டிவி அகலம் 88 செ.மீ. சொச்சம், அப்ப தள்ளல் 1.8 செ.மீ., பிரச்சனையே இல்ல. அதே ஃபைல 12 அடி அகலத்துக்கு சுவத்துல அடிச்சா 7 செ.மீ. தாண்டுது. நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கறதே சுமார் ஆறரை செ.மீ.தான், அதுக்கு மேல தள்ளுனா கண்ணு ரெண்டும் வெளிப்பக்கமா திரும்பணும், அப்படித் திரும்ப நம்ம கண்ணு பழகல, சின்னப் பசங்க கண்ணு இன்னும் நெருக்கம். சுவத்துக்குன்னு தனி காப்பி வச்சுக்கோங்க, தள்ளல குறைச்சு.

படம் தட்டையா இருக்கு, இல்லன்னா ஒரு இடம் மட்டும் கொதிக்குது

டெஸ்ட் கார்டுல ரெண்டு எழுத்தும் ஒண்ணா தெரிஞ்சா சிக்னல்தான் தப்பு. ரெண்டு கண்ணு படமும் பக்கம் பக்கமா இருக்கற ஃபைலா, மேல கீழ இருக்கறதான்னு பாத்து அதே மோடு டிவியில வைங்க. புளூ-ரே 3டி டிஸ்க் 1080பி 24 ஃபிரேம்ல வரும், அதுக்கு எச்டிஎம்ஐ 1.4 தாங்கற மெஷினு வேணும், வெறும் "3டி ரெடி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுன பழைய ப்ரொஜெக்டர் பல அத வாங்கிக்காது, கம்ப்யூட்டர்ல இருந்து 120 ஹெர்ட்ஸா குடுத்தாதான் உண்டு.

கார்டு சரியா இருந்து மலைக் காட்சி மட்டும் தட்டைன்னா எடுத்த விதம். ஃபூஜியோட டபிள்யூ3ன்னு 2010ல ஒரு 3டி கேமரா வந்துச்சு, லென்ஸ் ரெண்டுக்கும் இடைவெளி 75 மி.மீ., ஆளுங்கள எடுக்க அருமை. குன்னூர் பக்கத்து டால்பின் நோஸ் வியூ பாயின்ட்ல நின்னு எதிர்ல கேத்தரின் அருவிய எடுத்தா பேப்பர்ல ஒட்டுன மாதிரி இருக்கும். கிட்ட இருக்கற பொருளோட தூரத்துல முப்பதுல ஒரு பங்கு இடைவெளி விடணும்ங்கறது பழைய கணக்கு, முப்பது மீட்டர் தூரத்து மரம்னா ஒரு மீட்டர் நகந்து ரெண்டாவது போட்டோ எடுக்கணும். ஆனா இங்கதான் நம்ம ஊரு மிஸ்ட் வேலைய காட்டும். நாம நகந்து ரெண்டாவது கிளிக் அடிக்கறதுக்குள்ள மேகம் பத்தடி நகந்திருக்கும், அருவியோட தண்ணி மாறியிருக்கும், அந்த இடம் மட்டும் 3டியில கொதிக்கற பால் மாதிரி தளும்பும். எந்த சாஃப்ட்வேரும் அத சரி பண்ணாது. ஒரே மாடல் ஃபோன் ரெண்ட ஒரு மீட்டர் கட்டையில கட்டி ரெண்டு பேரா ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி அமுக்குங்க, மிஸ்டுக்கு அது போதும், அருவிக்குப் போதாது.

கண்ணாடியில பூஞ்சை, குமிழி

ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நமக்கு ஈரம்தான். போலரைஸ்டு கண்ணாடிய டிரங்குப் பெட்டியில போட்டு வச்சா ஃபிலிம் உரிஞ்சு குமிழி விடும், சிலதுல வினிகர் வாடை அடிக்கும், அந்த வாடை வந்துட்டா அது முடிஞ்சுது, மத்ததோட சேத்து வைக்காதீங்க. ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரியில வேல பாத்த ஒரு ஐயாதான் சொன்னாரு, இறுக்கி மூடற டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், மாசம் ஒருக்கா ஜெல்ல காய வையின்னு. அன்னையில இருந்து ஒண்ணும் கெடல.

எல்லாமே சரி, ஆனா ஒருத்தருக்கு மட்டும் 3டியே தெரியல

கார்டு டெஸ்ட்ல ரெண்டு கண்ணும் பாஸ், கண்ணாடிய மாத்தியும் பாத்தாச்சு, மத்த நாலு பேரும் வாயப் பொளந்து பாக்கறாங்க, ஒரு ஆள் மட்டும் "என்ன இருக்கு இதுல"ன்னு உக்காந்திருப்பாரு. மெஷினக் கழட்டாதீங்க. மாறுகண்ணோ ஒரு கண்ணு சோம்பேறிக் கண்ணோ இருந்தா மூளை ரெண்டு படத்தையும் சேக்காது, சில பேருக்கு வயசு நாப்பது ஆனாலும் அது தெரியாமயே இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன், ஏழு வயசு, கார்டுல "இ" டக்குன்னு சொல்லுவான், "வ" சொல்ல கண்ண இடுக்கிட்டு முன்னாடி எந்திரிச்சுப் போவான், முதல்ல நான் வலது லென்ஸ்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நாலு கண்ணாடி மாத்துனேன். அப்புறம்தான் அவங்க அம்மாகிட்ட "அக்கா எதுக்கும் ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க"ன்னேன். சோம்பேறிக் கண்ணுதான்னு சொல்லி பவர் கண்ணாடியும் குடுத்து நல்ல கண்ணுக்கு பட்டை ஒட்டச் சொல்லிட்டாங்க. இப்ப இடது கண்ணுல பட்டையோட வர்றான், கார்டு போட்டா உக்காந்த இடத்துல இருந்தே "வ"ன்னு கத்திட்டு வர்க்கி டப்பாவத் தேடிப் போயிடறான்.